சண்டியரின் அஞ்சாவது வீல்

செலினக்காவின் காரில் எந்த வீலை மாட்டினாலும் அந்த வீல் பழகிய இடத்துக்குத்தான் கார் போகிறது என்று தெரியவந்தபோது, தூத்துக்குடியில் நாங்கள் முதலில் கேட்டது, அப்படியென்றால் மெக்கானிக் லிங்கனுக்கு லைசென்ஸ் எதற்கு என்பதைத்தான். ஏன் அப்படிப் போகிறது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவும் இல்லை, நேரமும் இல்லை, ஏனென்றால் அன்று சாயங்காலமே ஆளாளுக்குப் பரண்மேல் கிடந்த பழைய வீல்களை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டோம்.

அது அமெரிக்காவில் செய்த கார். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், இடுப்பைச் சுருக்கித் தோளை விரித்த உடம்பு, நின்ற இடத்தில் உறுமினால் பக்கத்துத் தெருப் பாத்திரக்கடையில் தட்டுகள் நடுங்கும். அந்த மாதிரிக் கார்களுக்கு அவர்கள் ஊரில் தசையை வைத்து ஏதோ பெயர் சொல்வார்களாம். நாங்கள் சண்டியர் என்றோம். ஏதோ ஒரு கப்பலின் கேப்டன் அதைத் துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போக, ஏலத்துக்கு வந்தபோது கிரேன் ஆபரேட்டர் கிறிசோஸ்தம் மச்சாடோ எடுத்தார். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத செலினக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடற்கரை ரோட்டில் அவர் ஓட்டிப்போனதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் பார்த்ததாகச் சொல்கிறார்கள், அன்றைக்குப் பிறக்காதவர்கள் உட்பட.

கிறிசோஸ்தம் அண்ணன் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, நர்ஸ் நிற்க, சாமியார் ஜெபப் புத்தகத்தோடு நிற்க, அவர் செலினக்காவின் கையைப் பிடித்து, "ஸ்டெப்னிய மட்டும் கைவிட்டுராத, செலின்" என்றார். அதுதான் அவருடைய கடைசி வார்த்தை. கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், சாமியார் தரையைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஸ்டெப்னி என்றால் டிக்கியில் கிடக்கும் உபரி வீல் என்று ஓர் அர்த்தம் உண்டு, மனைவி இருக்கும்போதே இன்னொரு தெருவில் வைத்துக்கொள்ளும் பெண் என்று இன்னோர் அர்த்தம் உண்டு. அடக்கம் முடிந்து வந்த செலினக்கா கறுப்புச் சேலையோடு நேராகப் போய் டிக்கியைத் திறந்து பார்த்தாள். வீல் இல்லை. அப்படியானால் இரண்டாவது அர்த்தம்தான்.

அவளுக்கு அது இன்னொரு பழைய காயத்தையும் கிளறிவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டராக இருந்த காலத்தில், மணப்பாட்டில் அவளுடைய அப்பா சாகக் கிடக்கிறார் என்று வந்த டிரங்க் காலை அவளேதான் எடுத்தாள். உடனே துறைமுகத்துக்குப் போன் போட்டாள். "வாசல்ல நில்லு, அன்னா வாரேன்" என்றார் அவர். எக்ஸ்சேஞ்ச் வாசலில் அவள் நின்றாள். ஊரிலேயே வேகமான கார் வரவில்லை. திருச்செந்தூர் பஸ் வந்தது, அழுதுகொண்டே ஏறினாள், அவள் போய்ச் சேர்வதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் அப்பாவின் மூச்சு நின்றிருந்தது. கிறிசோஸ்தம் அண்ணன் மறுநாள் அடக்கத்துக்கு வந்து, "பஞ்சர்" என்றார். அதற்குமேல் அவர் சொன்ன எதையும் அவள் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையைக் கேட்டபிறகு, அன்றைக்கு அவரைப் பிடித்துவைத்த பஞ்சர் எந்தத் தெருவில் குடியிருந்தது என்பது மட்டும்தான் செலினக்காவுக்குத் தெரியவேண்டியிருந்தது. பெயரும் தெருவும் தெரிந்துவிட்டால் நெஞ்சில் இருப்பதை இறக்கிவைத்துவிடலாம். தெரியாதவரை பூசையில் பக்கத்து பெஞ்சில் முழந்தாளிடும் ஒவ்வொருத்தியும் அந்தப் பொம்பளைதான்.

நாங்களும் எங்களால் ஆனதைச் செய்தோம். அவள் முன்னால் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை என்று பேசாமலே முடிவாயிற்று. லாரிக்காரர்கள்கூட அவள் வீட்டைத் தாண்டும்போது 'அஞ்சாவது வீல்' என்றார்கள். புதிதாக வந்த டயர் கடைக்காரர் ஒருவர் போர்டில் அந்த வார்த்தையை எழுதிவைக்க, போய்ச் சொல்லி அழிக்கச் செய்தோம்.

தார்ப்பாய் மூடிக் கிடந்த காரை இந்த வருஷம் அவள் திறந்ததற்குக் காரணம் பாசம் ஒன்றும் இல்லை. லிங்கனைக் கூப்பிட்டு, "ஜன்னலத் திறந்தா இந்தப் பொணம்தான் முழிக்குது. இத ஓடவச்சுக் குடு, கொண்டுபோறவன் கொண்டுபோட்டும்" என்றாள். லிங்கன் கிறிசோஸ்தம் அண்ணனுக்குத் தம்பி முறை, செலினக்கா அவனுக்கு அண்ணி, எங்கள் பேச்சில் மைனி. வாய் ஓயாத ஆள். எஞ்சினைவிட அவன் சத்தம்தான் கூடுதல். ஆனால் கெட்டிக்கார வேலைக்காரன். எஞ்சினை இறக்கி ஏற்றினான், பாடிக்கு ரத்தச் சிவப்பு அடித்தான், கடைசியில் வீலுக்கு வந்தான்.

"மைனி, காருக்கு எல்லாம் சரியா இருந்தும் வீலு தப்பாப் போச்சுன்னா, கோட்டு சூட்டு போட்டு ரப்பர் செருப்பு மாட்டினாப்ல ஆயிரும்" என்றான். அதற்குப்பிறகு ஒரு மாதம் எங்கள் டீக்கடைகளில் வேறு பேச்சு இல்லை. ஒரு கட்சி குரோம் என்றது. உப்புக் காற்றில் குரோம் ஒரு மழைக்காலம் தாங்காது என்றது மறு கட்சி. அலாய் வீல் என்றார்கள் இளவட்டங்கள். பழைய இரும்பு வீலையே சுத்தம் செய்து, சாம்பல் நிறம் அடித்து, விளிம்பில் மட்டும் மெல்லிசாக ஒரு வெள்ளி வளையம் விடவேண்டும் என்று லிங்கன் சொன்னதுதான் நின்றது. இருந்த நாலு வீலையும் கழற்றி, மணலைப் பீய்ச்சிச் சுரண்டும் பட்டறையில் மணலடிக்கக் கொடுத்தான். பெயிண்ட், துரு, பழைய தார், மிதித்துவந்த சேறு எல்லாம் உதிர்ந்து வெறும் இரும்பு வெளியே வந்தபோது இரண்டில் உப்பு தின்ற ஓட்டைகள் தெரிந்தன. வெல்டிங்குக்கு மதுரைக்கு அனுப்பினான். அதுவரை எஞ்சினை ஓட்டிப் பார்க்கத் தற்காலிகமாக ஒரு பழைய டாக்ஸியின் நாலு வீலை அடாப்டர் வைத்து மாட்டினான்.

சண்டியர் நேராக ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், சென்னை ரயில் வரும் பக்கமாக டிக்கியைத் திருப்பிக்கொண்டு நின்றது. லிங்கன் ஸ்டியரிங்கை ஒடித்தான், பிரேக்கை மிதித்தான், மாதாவைக் கூப்பிட்டான். ரயில் வந்து ஜனங்கள் வெளியே போய் முடித்தபிறகுதான் அது நகர்ந்தது. மறுநாள் உப்பளத்து ஜீப்பின் வீல்களை மாட்டினான். பாத்திக்குப் பாத்தி நின்று நின்று போய், கணக்கப்பிள்ளை இறங்கும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்று திரும்பியது. பெட்டி பிரிக்காத புது அலாய் வீல்களை மாட்டிப் பார்த்தபோது எஞ்சின் கிடந்து உறுமியதே தவிர, கார் ஓர் அங்குலம் அசையவில்லை. அவை எங்கேயும் போனதில்லை, அவற்றுக்குப் போகத் தெரியவில்லை.

அதன்பிறகுதான் பரண்கள் காலியாயின. துணிக்கடை அந்தோணிராஜ் தன் அப்பாவின் காரிலிருந்து கழற்றிய நாலு வீல்களைக் கொண்டுவந்தார். சண்டியர் அவரை ஏற்றிக்கொண்டு அவருடைய கடைக்கே போய் நின்றது. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. கார் நகராமல் மூன்று மணி நேரம் அப்படியே நின்று, நடுவில் ஒருதரம் முன்னால் போய்ப் பின்னால் வந்து, திரும்பவும் நின்றபோதுதான், தன் கடை எழும்புவதற்கு முன்னால் அங்கே சினிமா தியேட்டர் இருந்ததும், இடைவேளையில் அப்பா வண்டியை நிழலுக்கு நகர்த்தியதும் அவருக்கு நினைவு வந்தது. இறங்கி, தன் சொந்தக் கடை வாசலில் முறுக்கு வாங்கித் தின்றார். ஒரு ஆம்புலன்ஸின் வீல்களை யாரோ கொண்டுவர, எல்லாரும் சேர்ந்து வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். கல்யாண வண்டியாக ஓடிய காரின் வீல்களுக்குக் கூட்டம் தாங்கவில்லை. ஆனால் அது கோவில் கோவிலாகப் போனதே தவிர, யாரையும் அவரவர் வீட்டில் இறக்கிவிடவில்லை. டிராபிக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, வீல் முடிவு பண்ணினால் டிரைவர்மேல் கேஸ் எழுத வழியில்லை, ஹாரனாவது அடித்துத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பூசை நேரத்தில் காரை எடுக்கக்கூடாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அதைக் கேட்க அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே ஆள் இருந்தது.

செலினக்கா இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மதுரையிலிருந்து சொந்த வீல்கள் வரட்டும். அவர் ஓட்டின வீல்கள். அவை போய் நிற்கும் வீட்டு வாசலில் இறங்கிக் கதவைத் தட்டிவிட வேண்டியதுதான். வீல்கள் வருகிற அன்று காலையில் அவள் கல்யாணத்துக்குப் போவதுபோலப் பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைக்காத குறையாக வந்து நின்றாள்.

வீல்கள் வந்தன. அப்படி ஓர் அழகை நாங்கள் பார்த்ததில்லை என்றுதான் சொல்லவேண்டும். சாம்பல் நிறத்தில் கண்ணை உறுத்தாத மினுமினுப்பு, விளிம்பில் அந்த வெள்ளி வளையம், நடுவில் துடைத்துவைத்த குடம்போலக் குமிழ். லிங்கன் நட்டுகளை முடுக்கி, மைனியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எங்க போவணும்னு அதுவே சொல்லும்" என்று கையை மடியில் வைத்துக்கொண்டான். கார் நேராகப் போனது. வளைவு வந்தபோதும் நேராகவே போனது. லிங்கன் பதறிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினான், அது திரும்பியது. இடது என்றால் இடது, வலது என்றால் வலது. சொன்னபடி கேட்கும் நல்ல கார்.

"ஜெயிச்சிட்டோம் மைனி! மணலடிச்சா ஓடத் தெரியுது, போன எடம் மட்டும் மறந்துருது! இனி எவன் வீலு கொண்டாந்தாலும் மணலடிச்சிட்டா முடிஞ்சிது" என்று வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் கத்தினான். நாங்களும் கைதட்டினோம். செலினக்கா மட்டும் பட்டுச்சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"மறக்கடிச்சிட்டியே லிங்கா. அவிய எங்க போனாவன்னு தெரிஞ்சது இந்த நாலுக்கும்தான். நாலையும் சுரண்டி எடுத்திட்டியே."

லிங்கனுக்கு மனசு கேட்கவில்லை. அழுகிறவர்களைச் சமாதானப்படுத்தவேண்டுமென்றால் அவனுக்குத் தெரிந்த ஒரே வழி பேசுவதுதான், பேச ஆரம்பித்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது. "நாலுதான போச்சு மைனி? அண்ணன் வண்டிக்கு வீலு அஞ்சுல்லா. ஸ்டெப்னிய நாங்க தொடவே இல்லியே!"

கையில் தட்டோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த பாத்திரக்கடைக்காரர் அதைத் தூக்கியபடியே நின்றார். லிங்கன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்ன சொன்ன?" என்றாள் செலினக்கா.

"அஞ்சாவது வீலு மைனி. அஞ்சாவது வீலத்தான் சொன்னேன்."

"அது எங்க இருக்கு?"

"ஐஸ் கம்பெனியில. அவங்க மணி உடஞ்சப்ப அண்ணன்தான் இரவலாக் குடுத்தாவ. மணிக்குப் பதிலாத் தொங்கவிட்டு, தட்டிப் பாத்து, 'எனக்கு இது வேணும், பெறவு வாங்கிக்கிடுவேன்'னாவ. அன்னாடம் சாயங்காலம் கேக்குதே டங்கு டங்குன்னு, அது நம்ம ஸ்டெ... நம்ம வீலுதான்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

எல்லாருக்கும் தெரியும். ஐஸ் வந்துவிட்டது என்று படகுக்காரர்களைக் கூப்பிடும் அந்த மணியின் பெயரே எங்கள் மத்தியில் கிறிசோஸ்தம் ஸ்டெப்னி என்பதுதான். அவள் எதிரில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்பதால் ஒருவரும் சொல்லவில்லை. அதைவிட வெட்கக்கேடு, ஆஸ்பத்திரிப் பேச்சையும் அந்த மணியையும் நாங்களுமே சேர்த்துப் பார்க்கவில்லை. ஊருக்கு வீலைவிடப் பொம்பளை கதைதான் ருசியாக இருந்தது.

செலினக்கா காரைவிட்டு இறங்கி ஐஸ் கம்பெனிப் பக்கம் திரும்பினாள். அடக்கத்தன்று மணப்பாட்டில் அவர் பஞ்சர் என்றதற்குப் பிறகு சொன்னதும், அவள் மனதில் வாங்காமல் விட்டதும் இப்போதுதான் வந்து சேர்ந்தது. "நம்பலன்னா ஸ்டெப்னியக் கேட்டுப் பாரு" என்றிருந்தார். "வீலு வாயத் தொறந்து பேசுமோ?" என்று இவள் கேட்டிருந்தாள்.

ஐஸ் கம்பெனிக்காரர்கள் மறுபேச்சுப் பேசாமல் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலம் ஒரு அலுமினியச் சட்டியைத் தட்டினார்கள். துருவேறி, அடிவாங்கி அடிவாங்கி ஒரு பக்கம் மட்டும் பளபளத்த அந்த வீலை லிங்கன் துணியால்கூடத் துடைக்கவில்லை. டயரை ஏற்றி, பின்னால் இடது பக்கம் மாட்டினான். மற்ற மூன்றுக்கும் ஒன்றும் தெரியாது என்பதால் இதை எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

கார் முதலில் துறைமுக ரோட்டில் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் போய் ஓரமாக நின்றது. அங்கேதான் அவர் ஜாக்கி போட்டிருக்கவேண்டும். பிறகு ஒரு பாய்ச்சல் பாய்ந்தது பாருங்கள், அப்போதுதான் அது ஏன் சண்டியர் என்று இளவட்டங்களுக்குத் தெரிந்தது. எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து, அவள் உட்காரும் பக்கத்துக் கதவை கேட்டுக்கு நேராக வைத்து நின்றது. பழைய எக்ஸ்சேஞ்சில் இப்போது கேட்டுக்குச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். சங்கிலிக்கு முன்னால் யாரும் இல்லை. கார் நின்றுகொண்டே இருந்தது, பிறகு தயங்கித் தயங்கி நகர்ந்தது.

"வந்திருக்காவ" என்றாள் செலினக்கா. "நான் போன பெறவு வந்திருக்காவ."

அதோடு முடியவில்லை. முள்ளக்காடு பஸ் ஸ்டாப்பில் கார் நின்றது. கதவு ஸ்டாப் பக்கம். நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிற நேரம் நின்று, கிளம்பியது. பழையகாயலில் நின்றது. முக்காணியில் நின்றது. எட்டு சிலிண்டர், கண்மூடித் திறக்குமுன் அந்தப் பஸ்ஸைத் தாண்டியிருக்கக்கூடிய கார், ஆத்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று ஒரு ஸ்டாப் விடாமல் டவுன் பஸ்ஸைவிட மோசமாக நின்று நின்று போனது. லிங்கன்கூட வாயை மூடிக்கொண்டான். மனைவி எந்த ஸ்டாப்பிலாவது இறங்கித் தனக்காகக் காத்திருப்பாளோ என்று அந்த மனிதர் வழி முழுக்கத் தேடிக்கொண்டே போயிருக்கிறார், அப்படித் தேடியதால்தான் பஸ்ஸைப் பிடிக்காமல் விட்டிருக்கிறார். ஆலந்தலையில் காருக்காக யாரோ கைகாட்ட, செலினக்கா கண்ணாடியை இறக்கி, "இது நிக்கும், ஆனா ஏத்தாது அம்மா" என்றாள்.

மணப்பாட்டில் அவள் அப்பா வீட்டுத் தெரு முனையில், சிலுவைக்குப் பக்கத்தில் கார் நின்றது. அதற்குமேல் போகவில்லை. அங்கிருந்தே வீட்டு வாசல் தெரியும். அன்றைக்கு வாசலில் நின்ற கூட்டமும் தெரிந்திருக்கும், உள்ளே இவள் ஓலமிட்டது கேட்டிருக்கும். அந்த முகத்தோடு எதிரில் போய் நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை போல.

வீட்டு வாசலில் இறங்கியபோது லிங்கன் கேட்டான். "மைனி, துரு உள்ள வரைக்கும் ஓடிட்டு. இப்படியே விட்டா ரெண்டு மழைக்குத் தாங்காது. மணலடிச்சா... மறந்துரும். என்ன செய்ய?"

"நாளைக்கு ஒருதரம் ஓடட்டும். அதுக்குப் பெறவு அடிச்சிரு, மத்த நாலு மாதிரியே."

"மறந்துருமே மைனி."

"மறக்கட்டும் லிங்கா. இத்தன வருசம் அதையே நெனச்சிட்டுத் தொங்கிச்சுல்லா, ஆள் ஆளுக்கு அடிக்க அடிக்க."

மறுநாள் மத்தியானம் காரை லிங்கனிடம் விட்டுவிட்டு அவள் தனியாக நடந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போனாள். வேலைக்குப் போன காலத்தில் கட்டியதுபோல வெளிர்நீலப் பருத்திச் சேலை, கையில் பை. சங்கிலி போட்ட கேட்டுக்கு முன்னால் வெயிலில் நின்றாள். நாங்கள் எதிர்ச்சாரியில் கடைகளில் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு நின்றோம். திருச்செந்தூர் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "யக்கா, திருச்செந்தூர், மணப்பாடா? ஏறுங்க, இடம் இருக்கு" என்றார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பஸ் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. அது வளைவில் மறைகிறவரை அவள் கை பையின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்ததை நாங்கள் பார்த்தோம். ஓடிப்போய் ஏறிவிடுவாளோ என்றுகூடப் பயந்தோம். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அந்த உறுமல் முதலில் எதிர்ச்சாரிப் பாத்திரக்கடைத் தட்டுகளில்தான் கேட்டது. சிவப்பாக வந்து, கதவை அவளுக்கு நேராக வைத்துச் சண்டியர் நின்றது. லிங்கன் பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. செலினக்கா கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"பஞ்சரா?" என்றாள் பக்கத்துச் சீட்டைப் பார்த்து. பிறகு, "சரி, போவோம்" என்றாள்.

முள்ளக்காட்டிலும், பழையகாயலிலும், முக்காணியிலும், முந்தின நாள் இந்தக் கார் நின்று தங்களைப் பார்த்துவிட்டுப் போன கதையைச் சொல்லிக்கொண்டு அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஜனங்கள் ஸ்டாப்புகளில் காத்திருந்தார்கள். அவர்கள் கண்டதெல்லாம் ஒரு சிவப்பும், அதற்குப் பின்னால் எழும்பிய புழுதியும்தான். ஆத்தூருக்கு முன்னாலேயே திருச்செந்தூர் பஸ்ஸைத் தாண்டிவிட்டது. மணப்பாட்டில் சிலுவையைத் தாண்டி, தெருவுக்குள் நுழைந்து, அவள் அப்பா வீட்டு வாசல்படியை முட்டுகிற மாதிரி போய் நிற்கும்வரை, அது ஒரு ஸ்டாப்பிலும் நிற்கவில்லை.